சம்பளத்துக்குக் கல்வெட்டு கிடையாது

பணம் கேட்பது என் தொழில். கல்யாண வீட்டில் யாராவது "உங்க அண்ணன் பொண்ணு என்ன பண்ணுது?" என்று விசாரித்தால், என் அத்தை "டிரஸ்டுக்குக் காசு கேக்கப் போவா" என்று பதில் சொல்வார். கேட்டவர் பாவப்பட்டு மேற்கொண்டு எதுவும் பேசமாட்டார். வடசென்னையில் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் அறக்கட்டளை எங்களுடையது. விசிட்டிங் கார்டில் நிர்வாக இயக்குநர் என்று போட்டிருந்தாலும் அத்தை சொல்வதுதான் சரி. அறக்கட்டளையின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் காலையில் கண் விழித்ததும் ஏழைக் குழந்தைகளை நினைப்பார்கள் என்று நன்கொடையாளர்கள் நம்புகிறார்கள். நான் நினைப்பது அடுத்த மூன்று மாதச் சம்பளத்தை.

இந்தத் தொழிலில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்க அட்மின் செலவு எத்தனை பர்சென்ட்?" கம்பெனி முதலாளி கேட்பார், ஐ.டி. வேலையில் இருக்கும் பையன் கேட்பான், ஐந்நூறு ரூபாய் கொடுக்கும் பென்ஷன்காரரும் கேட்பார். கேட்பது அவர்கள் உரிமை. ஊரை ஏமாற்றிய டிரஸ்டுகளை அவர்களும் பார்த்திருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நினைப்பு இருக்கிறது. பொருளுக்குப் போகும் காசு தர்மம், ஆளுக்குப் போகும் காசு தண்டம் என்ற நினைப்பு. வடசென்னையில் இத்தனை வருடம் இந்த வேலை பார்த்ததில் எனக்குத் தீராத சண்டை அதோடுதான்.

நான் இந்தப் பக்கம் வந்தது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. சுனாமி வந்த அந்த வாரம் காசிமேட்டுக்கு லாரி லாரியாகச் சாமான் இறங்கியது. புடவை, போர்வை, பிஸ்கட், பாத்திரம், எதற்கென்றே தெரியாத கோட்டு சூட்டுகள். கொடுக்க ஊரே திரண்டு வந்திருந்தது. பிரித்து அடுக்கவும், எந்த வீட்டுக்கு என்ன போனது என்று எழுதவும்தான் ஆள் இல்லை. அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தால் அது ஒரு குடும்பமா, மூன்றா? ஊர்ப் பஞ்சாயத்தார் ஒன்று சொல்வார்கள், ரேஷன் கார்டு வேறு சொல்லும். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. பழைய வண்ணாரப்பேட்டைக்காரி என்பதால் தெருவெல்லாம் தெரியும், யார் வீடு எது என்று கேட்கத் தெரியும். அந்தத் தகுதிக்காகத்தான் ஒரு தொண்டு நிறுவனம் எனக்கு வேலை கொடுத்தது.

அடுத்த சில வருடங்கள் நுங்கம்பாக்கத்தில் ஒரு மாடியில் டெலிகாலிங். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. எழுதிக்கொடுத்ததைப் படிக்க வேண்டும், டார்கெட் முடிக்க வேண்டும், எதிர்முனையில் திட்டினால் "நன்றி சார்" சொல்லிவிட்டு அடுத்த நம்பரைப் போட வேண்டும். குரலில் கூச்சம் போனது அங்கேதான்.

தொழிலைக் கற்றுக்கொண்டது சௌகார்பேட்டையில். மின்ட் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, கொஞ்சம் தள்ளி பாரிமுனைப் பக்கம் பேப்பர் கடைகள் இருக்கும் ஆண்டர்சன் தெரு. காலையில் கடை திறந்ததும் போய் நிற்கக் கூடாது. போணி ஆகாத நேரத்தில் நன்கொடை கேட்டு வந்தவளை யாருக்கும் பிடிக்காது. மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு அரைமணி நேரம் உண்டு, அதுதான் நேரம். தீபாவளிக்குப் புதுக் கணக்கு போடும் சமயத்தில் மனசு இளகியிருக்கும். ஆனால் அப்போது கோசாலைக்காரர்கள், கோயில்காரர்கள், பள்ளிக்கூடத்துக்காரர்கள் என்று வரிசை நிற்கும். கேட்கும் தொகையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "உங்களால முடிஞ்சதைக் குடுங்க" என்றால் நமக்கே கணக்கு தெரியவில்லை என்று வியாபாரிக்குப் புரிந்துவிடும்.

அங்கே எனக்கு ஒரு சேட் இருந்தார். சேட் என்றாலும் பேச்சு சுத்த மெட்ராஸ். "இன்னாம்மா, இந்த வாட்டி எவ்ளோ வோணும்?" என்பார். கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "பேரு கீரு எழுதாத, குப்த தானம்" என்பார். கொடுத்தது யார் என்று தெரியாமல் கொடுப்பதில்தான் அவர்களுக்குப் புண்ணியம். நாங்கள் படிவங்களோடு வாழ்பவர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி வரிச்சலுகை கிடையாது, அது பரவாயில்லை, அவர் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனால் பெயர் இல்லாத நன்கொடை ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. முழுக்க மத காரியத்துக்கான டிரஸ்டுகளுக்கு மட்டும் இந்த வரி இல்லை. 2021-22 நிதியாண்டிலிருந்து 10பிடி என்று ஒரு படிவமும் சேர்ந்துகொண்டது. கொடுத்தவர் பெயர், விலாசம், பான் எண்ணோ ஆதார் எண்ணோ, எல்லாவற்றையும் வருமானவரித் துறைக்கு அனுப்ப வேண்டும். இதையெல்லாம் நான் விளக்கியபோது சேட் சிரித்தார். "கோயில் உண்டியல்ல போட்டா எவனும் கேக்க மாட்டான். புள்ளைங்க படிப்புக்குக் குடுத்தா ஆதார் கேக்கறான்." கடைசியில் ஆதாரையும் கொடுத்தார், ஆனால் கோபத்தோடு.

அவர் ஒருநாளும் பர்சென்ட் கேட்டதில்லை. அவர் கேட்டது, "டீச்சருங்களுக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் போட்டுடறியா?" கடை நடத்துகிறவருக்குத் தெரியும், கடைப் பையன் சரியில்லை என்றால் சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை என்று.

அப்புறம் சி.எஸ்.ஆர். வந்தது, அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் அமல். ஆண்டு நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி இருக்கும் கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆலைகள் நிறைந்த எண்ணூரும் மணலியும் அடுத்தடுத்து இருக்கும் எங்கள் பக்கத்துக்கு இது லாட்டரி அடித்த மாதிரி என்று அப்போது எல்லோரும் பேசினோம். ரசீதுப் புத்தகம் தூக்கிய நாங்கள் பவர்பாயிண்ட் தூக்க ஆரம்பித்தோம். சேட்டிடம் அரைமணியில் முடிந்த காரியத்துக்கு இங்கே ப்ரொபோசல், டியூ டிலிஜென்ஸ், மூன்று வருட பேலன்ஸ் ஷீட், ஒப்பந்தம், காலாண்டு அறிக்கை, யூடிலைசேஷன் சர்டிபிகேட். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எங்கள் கணக்குகள் ஒழுங்கானதே இதனால்தான்.

பணம் வந்தது. எதற்கு வந்தது என்பதுதான் விஷயம். கார்ப்பரேஷன் பள்ளிகளுக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின், கழிப்பறை, பெஞ்சு, ஸ்மார்ட் போர்டு. எல்லாம் தேவையானவைதான். எல்லாவற்றிலும் பெயர்ப்பலகை மாட்ட இடம் இருக்கும். திருவொற்றியூர் பக்கம் ஒரு பள்ளியில் ஒரே சுவரில் மூன்று ஆர்.ஓ. மெஷின்களைப் பார்த்தேன், மூன்று கம்பெனி லோகோவோடு. மூன்றும் ஓடவில்லை. ஃபில்டர் மாற்ற யாருடைய பட்ஜெட்டிலும் பணம் இல்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கழிப்பறை கட்டிக்கொடுத்த இடங்களில் பூட்டு தொங்கும். கழுவ ஆள் வைத்தால்தானே திறக்க முடியும்? மாதச் சம்பளத்துக்கு ஒரு துப்புரவுப் பணியாளர் வேண்டும் என்று நாங்கள் கேட்டால், "அது ஆபரேஷனல் காஸ்ட் மேடம், எங்க போர்டு ஒத்துக்காது" என்பார்கள்.

இன்னொன்று நிர்வாகச் செலவுக்கான 5 சதவீதம். சி.எஸ்.ஆர். விதிகளில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு எங்கள் டீச்சர் சம்பளத்தையெல்லாம் அந்த 5 சதவீதத்துக்குள் அடக்கச் சொன்ன அதிகாரிகள் உண்டு. அந்த வரம்பு கம்பெனி தன்னுடைய சி.எஸ்.ஆர். பிரிவை நடத்துவதற்கு ஆகும் செலவுக்கானது. கல்வித் திட்டத்தில் ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளம் திட்டச் செலவுதான் என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி-பதில் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. அதை அச்செடுத்து, அந்த வரிக்கு மஞ்சள் மார்க்கர் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் முகம் சுருங்காமல் அந்தத் தாளை எப்படி நீட்டுவது என்பதற்குத் தனித் திறமை வேண்டும். "சார், உங்க ஆடிட்டருக்கு உபயோகப்படும்னு கொண்டு வந்தேன்" என்று சொல்வது என் வழி. தவறு அவருடையது என்று ஒருபோதும் வரக் கூடாது.

மார்ச் மாதத்தைப் பற்றி இந்தத் தொழிலில் இருக்கும் யாரிடம் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். முன்பெல்லாம் மார்ச் இருபதாம் தேதிவாக்கில் போன் வரும். "மேடம், கொஞ்சம் ஃபண்டு இருக்கு, முப்பத்தொண்ணுக்குள்ள செலவு காட்ட முடியுமா?" பத்து நாளில் செலவு காட்ட முடிகிற ஒரே காரியம் பொருள் வாங்குவது. அப்படித்தான் லேப்டாப்புகளும் தையல் மெஷின்களும் எங்கள் பக்கத்தில் குவிந்தன. 2021 ஜனவரித் திருத்தத்துக்குப் பிறகு, தொடர் திட்டம் என்றால் செலவாகாத பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு அடுத்த மூன்று நிதியாண்டுகளில் செலவிடலாம். எனக்கு அந்தத் திருத்தம் பிடிக்கும். அதைக் காட்டித்தான் முதல்முறையாக ஒரு கம்பெனியிடம் மூன்று வருடத்துக்கு டீச்சர் சம்பளம் வாங்கினேன். நண்பர்கள் பலர் அதே திருத்தத்தில் வந்த சி.எஸ்.ஆர்.-1 பதிவு (சி.எஸ்.ஆர். பணம் வாங்கும் டிரஸ்டுகள் செய்ய வேண்டியது), திட்டத்தால் என்ன பலன் என்று பார்க்கும் தாக்க மதிப்பீடு எல்லாம் தொல்லை என்று புலம்புவார்கள். எனக்கு மூன்று வருடம் கிடைத்தது போதும்.

எங்கள் மாலை நேரப் படிப்பு மையங்கள் காசிமேடு, வியாசர்பாடி, எர்ணாவூர் சுனாமி குடியிருப்பு ஆகிய இடங்களில் இருக்கின்றன. போர்டு, சாக்பீஸ், பாய், ட்யூப்லைட். இதற்கு மேல் பொருள் எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் டீச்சர்கள். அந்தந்தத் தெருவிலேயே பட்டப்படிப்பு முடித்துக் கல்யாணத்துக்கோ வேலைக்கோ காத்திருக்கும் பெண்கள். எந்தப் பையன் அப்பாவோடு கடலுக்குப் போக ஆரம்பித்திருக்கிறான், எந்தப் பெண்ணுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று ஸ்கூலுக்குத் தெரிவதற்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். ஒரு டீச்சர் மாறினால் அந்த மையத்தில் பிள்ளைகள் குறைவதை வருகைப் பதிவேட்டில் பார்க்கலாம். ட்யூப்லைட் எரியாத வாரம்கூட அப்படிக் குறைவதில்லை. இதை எந்தப் போட்டோவில் எடுத்து எந்த அறிக்கையில் போடுவது?

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் எங்கள் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். அடுத்த வாரமே எனக்கு அழைப்புகள். "உங்க ஏரியால கேரம் போர்டு குடுக்கலாம்னு இருக்கோம்." காசிமாவின் அப்பா ஆட்டோ ஓட்டுபவர், பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். போர்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த ஆளுக்கு ஏதாவது கொடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். போர்டுகள்தான் வந்தன. சரி, விளையாடட்டும்.

இந்தப் பிரச்சினை இந்தத் தலைமுறையில் ஆரம்பித்ததில்லை. பச்சையப்ப முதலியார் துபாஷாக, அதாவது வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் வியாபாரத் தரகருமாக இருந்து சம்பாதித்ததை கோயில் கட்டளைகளுக்கும் தர்மங்களுக்கும் எழுதி வைத்துவிட்டு 1794இல் இறந்தார். உயில் இருந்தது, சொத்து இருந்தது. பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் கையில் அது சிக்கி, வழக்காகி இழுத்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் முனைந்து, சேர்ந்துபோன உபரிப் பணத்தில் கறுப்பர் நகரத்தில் (இன்றைய ஜார்ஜ் டவுன்) ஒரு பள்ளிக்கூடம் திறந்தது 1842இல்தான். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. என்.எஸ்.சி. போஸ் சாலையில் கிரேக்கக் கோயில் மாதிரித் தூண்களோடு இன்றும் நிற்கும் பச்சையப்பன் மண்டபம் 1850இல் திறக்கப்பட்டது. கீழே கடைகளும் கூட்டமுமாக இருப்பதால் நிமிர்ந்து பார்க்கிறவர்கள் குறைவு. புதிய டிரஸ்டிகள் யாராவது வந்தால் நான் அங்கே அழைத்துப்போவது வழக்கம். கட்டிடம் காட்டுவதற்காக அல்ல, அந்த நாற்பத்தெட்டு வருடத்தைப் பற்றிப் பேசுவதற்காக.

இதற்கு நேர்மாறான உதாரணம் ராயபுரத்தில் இருக்கிறது. 1782 பஞ்சத்தில், ஹைதர் அலியோடு யுத்தம் நடந்த காலத்தில், பட்டினியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம் மணியக்காரர் சத்திரம். அதை ஒட்டி 1799இல் ஒரு வைத்தியசாலை வந்தது, வளர்ந்து ஸ்டான்லி ஆனது. என் பாட்டி கடைசிவரை ஸ்டான்லி என்று சொன்னதில்லை, கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். சத்திரம் இன்னும் முதியோர் இல்லமாக நடக்கிறது. தினமும் அடுப்பு மூட்ட, ஊற்ற, கணக்கு எழுத ஆள் வைத்து ஆரம்பித்த தர்மம் அது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு பாடப்புத்தகம் தேவைப்படவில்லை.

வாங்காத பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்து ஆலை ஒன்று ஒரு பெரிய தொகையோடு வந்தது. எர்ணாவூர் மையத்தை அப்படியே இரண்டு வருடம் நடத்தலாம், டீச்சர் சம்பளம் உட்பட. நான் எத்தனையோ இடத்தில் கெஞ்சிக் கேட்டது தானாக வந்து நின்றது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருந்தது. கம்பெனிக்குச் சங்கடம் தரும் எந்தப் பொது விவகாரத்திலும் டிரஸ்டும் அதன் பணியாளர்களும் கருத்துச் சொல்லக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து வலையும் படகும் கறுத்துப்போனதற்குப் பிறகு வந்த ஒப்பந்தம் அது. எங்கள் டீச்சர்களில் பாதிப்பேர் மீனவ வீட்டுப் பெண்கள். சாயங்காலம் பாடம் நடத்துகிறவள் காலையில் அப்பாவோடு கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க நிற்கக் கூடாது என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னேன், எடுக்கவில்லை. டிரஸ்டிகளில் இருவர் என்னோடு மூன்று மாதம் சரியாகப் பேசவில்லை.

புகைபோக்கி வைத்திருக்கும் எல்லோர் பணத்தையும் மறுப்பவள் என்று என்னை நினைக்க வேண்டாம். அதே மணலிப் பக்கத்துக் காசில்தான் இரண்டு மையங்கள் நடக்கின்றன. அந்த ஊர்க் காற்றைச் சுவாசிக்கிறவர்களுக்கு அந்த ஊர்க் காசு வருவது நியாயம் என்பது என் கட்சி. வாயைக் கட்டும் பணம் மட்டும் வேண்டாம். இந்தக் கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று என் இளம் சகாக்கள் கேட்பார்கள். சிலர் என்னைவிடக் கண்டிப்பானவர்கள். வாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நிரந்தரத் தீர்வு கார்பஸ். அசலைத் தொடாமல் வட்டியில் நடத்துவது. ஒரு கோடி ரூபாயை ஏழு சதவீதத்துக்குப் போட்டால் வருடத்துக்கு ஏழு லட்சம், மாதம் ஐம்பத்தெட்டாயிரம். இரண்டு டீச்சர், ஒரு ஆயா என்று கணக்குப் போட்டால் இரண்டரை மையம். அவ்வளவுதான் ஒரு கோடி. கார்பஸுக்கு என்று கொடுப்பவர் எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது அந்த வருட வருமானம், 85 சதவீதத்தைச் செலவு காட்ட வேண்டும். கம்பெனிகள் கார்பஸுக்குக் கொடுப்பது 2021 ஜனவரியிலிருந்து சி.எஸ்.ஆர். செலவாகக் கணக்கில் சேராது. அதற்கு முன்பும் அவர்களுக்கு இதில் ஆர்வம் இருந்ததில்லை. வங்கியில் தூங்கும் பணத்தை ரிப்பன் வெட்டித் திறக்க முடியாது அல்லவா. தனி மனிதர்கள்தான் கொடுக்கிறார்கள், பெரும்பாலும் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், கிராஜுவிட்டியிலிருந்து.

இப்போது என் இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். டிரஸ்டி ஒருவர் கூட்டத்தில், "ரிட்டையர்ட் ஆபீசர் ஒருத்தர் இருக்கார்மா, சம்பளமே வேணாங்கறார்" என்றார். மற்றவர்கள் முகத்தில் நிம்மதி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. சம்பளம் வாங்காதவரிடம் "ஏன் சார் இந்த காலாண்டு பணம் வரல?" என்று கேட்க அந்த மேஜையில் யாருக்கும் வாய் வராது. அவர் பேரனைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா போனாலும் டாட்டா காட்டத்தான் முடியும்.

நான் சொன்ன பெயர் வேறு. எர்ணாவூர் மையத்தில் டீச்சராகச் சேர்ந்து, தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து, இப்போது எல்லா மையங்களையும் பார்த்துக்கொள்ளும் பெண். கிண்டியில் உட்கார்ந்திருக்கும் சி.எஸ்.ஆர். மேலாளர்களிடம் அவளால் இங்கிலீஷில் பேச முடியுமா என்பது டிரஸ்டிகளின் கவலை. தப்பும் தவறுமாகத்தான் பேசுவாள். போன மாதம் அப்படித்தான் பேசி, ஒரு கம்பெனியிடம் ஆயாக்களின் சம்பளத்தை ஒப்பந்தத்தில் சேர்க்க வைத்தாள். என்னால் முடியாமல் போனது அது.

வெளியில் இந்தப் பதவிக்கு என்ன சம்பளம் கொடுக்கிறார்களோ அதையே அவளுக்கும் பட்ஜெட்டில் போட்டிருக்கிறேன், நான் வாங்குவதைவிட அதிகம். டிரஸ்டிகள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வருடத்துப் பாதித் தொகை துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து வந்துவிட்டது, இன்ன வேலைக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு. மீதிக்கு இரண்டு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவர் ஜூனில் பேசலாம் என்கிறார், இன்னொருவர் இன்னும் போனை எடுக்கவில்லை.